இரவல் போன நூலகம்

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் கிளை நூலகத்தில் ஒரு பெண் உதவியாளராக இருக்கிறாள். ஊரில் எல்லாருக்கும் அவள் மெதுவம்மா. வேலைக்குச் சேர்ந்த புதிதில், உள்ளே யார் குரலை உயர்த்தினாலும் பக்கத்தில் போய் நின்று, “மெதுவா... மெதுவா” என்பாள். அதைச் சொல்கிற குரலே பாதி காற்றாகத்தான் வரும். காதில் விழாமல், “என்னம்மா சொன்னீங்க?” என்று இன்னும் சத்தமாகக் கேட்பார்கள். அப்படியே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. என்னைவிட வயதில் சின்னவள் என்பதால் இங்கே ‘அவள்’ என்று எழுதுகிறேன். நேரில் நானும் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா சீக்கிரமே போய்விட்டாள். பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவும் அவளும் மட்டும் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். மற்றவர்களுக்கு வருடம் எப்படி ஓடுமோ, அவளுக்கு நூலகத்தின் வேலையை வைத்துத்தான் ஓடும். வருடம் பிறந்தால் அலமாரி அலமாரியாகப் புத்தகங்களைச் சரிபார்க்க வேண்டும். வெயில் ஏறினால் மொட்டை மாடியில் பழைய போர்வைகளை விரித்து, பூச்சி பிடித்தவற்றை உலர்த்த வேண்டும். பள்ளி விடுமுறை வந்தால் கதை வாரம். காலையில் நூலகத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவாள், மாலையில் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குப் போய் அங்கே வாசிப்பாள். வருடக் கடைசியில் வாசகர் விழா. அதற்கு முடிதிருத்தும் கடைக்காரர் நாற்காலி தருவார், தையல்காரர் திரைச்சீலை தைத்துத் தருவார், யாராவது ஒலிபெருக்கி கொண்டுவருவார்கள். “மழைக்காலத்துல மட்டும் தனி நிகழ்ச்சி ஒண்ணும் கிடையாது. வாளி வைக்கிறதுதான் நிகழ்ச்சி” என்பார் முடிதிருத்துகிறவர். கூரை அந்த லட்சணத்தில் இருந்தது.

அவளுக்கு ஒரு அக்கா உண்டு. நாலு தெரு தள்ளித்தான் வீடு. அக்கா புருஷன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அக்காவும் தங்கையும் ஒருத்தரையொருத்தர் பார்த்துப் பேசி வருடக்கணக்கில் ஆகியிருந்தது.

காரணம் ஒரே ஒரு வாக்கியம். அப்பா படுக்கையில் விழுந்தபோது முழுக்கப் பார்த்துக்கொண்டவள் சின்னவள். பெரியவள் வீட்டில் மாமியாரும் படுக்கையில் இருந்ததால் அவளால் நினைத்தபோது வர முடியவில்லை. அப்பா போன அன்று, சேதி சொல்லி அனுப்பியும் அக்காக்காரி வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தங்கை, “இப்ப எதுக்கு வந்த? எல்லாம் முடிஞ்சுதான்னு பாத்துட்டுப் போகவா?” என்று கத்தினாள். அந்தக் குரலை நாங்கள் யாருமே அதற்குமுன் கேட்டதில்லை. அக்காக்காரி கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். அன்று காலை மாமியார் கட்டிலிலிருந்து விழுந்து, தூக்க ஆளில்லாமல் அவள் திண்டாடியது தங்கைக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபின் மனசு ஒடிந்துபோனாள். ஆனால் போய்க் கேட்க வாய் வரவில்லை. நாள் ஆக ஆக அந்த நாலு தெரு நாலு ஊராகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மழையில் நூலகத்தின் கூரை இறங்கியது. விடிகாலை நேரம், உள்ளே யாரும் இல்லை. வாசிப்பறை பக்கம் மேல்தளத்தில் ஒரு பகுதி அப்படியே உட்கார்ந்துவிட்டது. நல்லவேளையாகப் புத்தக அலமாரிகள் இருந்த பக்கம் தப்பித்தது. நாங்களெல்லாம் ஓடிப்போய்ப் புத்தகங்களை எதிர்வீட்டு வராந்தாவில் கொண்டுவந்து குவித்தோம். மெதுவம்மா அவற்றின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

நூலகர் இளவயது ஆள், வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் விதி என்றால் அவருக்குப் பயம். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்து, “லாரி அனுப்பறாங்க. எல்லாத்தையும் அவங்க குடோனுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. கட்டடம் சரியானதும் திரும்ப வரும்” என்றார்.

“குடோனுக்குப் போனது எதுவும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல சார்” என்றாள் மெதுவம்மா.

“நான் என்னம்மா பண்றது? வைக்க இடமில்லயே.”

அவள் தார்ப்பாயின் ஓரத்தை நெருடினாள். “இரவல் கொடுத்துடலாம் சார்.”

“எதை?”

“எல்லாத்தையும்தான்.”

நூலகர் சிரித்துவிட்டார். அப்புறம் அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “ஒரு ஆளுக்கு மூணு புத்தகம்தாம்மா. அதுதான் விதி.”

“ஆளுக்கு மூணுதான் சார். வீட்டுக்கு எத்தன ஆளுன்னு விதியில இல்லயே.”

சுற்றி நின்ற நாங்கள் கைதட்டினோம். நூலகர் மறுபடி போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். மேலதிகாரி இரவல் கொடுப்பது நூலகரின் பொறுப்பு என்று சொல்லிவிட்டாராம், அதற்குமேல் எதையும் தன் காதில் போட வேண்டாம் என்றும் சொன்னாராம். லாரி வந்தபோது அதில் ஏற இரும்பு அலமாரிகளும் மேசைகளும்தான் மிச்சம் இருந்தன.

ஊரே வந்து வாங்கிப் போனது. உறுப்பினர் இல்லாதவர்கள் அங்கேயே உறுப்பினர் ஆனார்கள். நாவல்கள் தையல்காரர் வீட்டுக்கு, வரலாறு முடிதிருத்தும் கடைக்கு, சமையலும் மருத்துவமும் ஒரே வீட்டுக்கு. என் வீட்டுக்கு வந்தவை பயண நூல்கள். “உலகமே நம்ம வீட்டுல இருக்கு, இந்த மனுஷன் கடைத்தெருவுக்குப் போக மாட்டேங்கறார்” என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அந்த வரிசையில் மெக்கானிக்கும் வந்து நின்றார். அக்கா புருஷன். அதிகம் பேசாத மனிதர். நகக்கண்ணில் இருந்த கிரீஸ் கறை புத்தகத்தில் படுமோ என்று கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். மெதுவம்மா தலையைத் தூக்காமலே, “என்ன புத்தகம் வேணும் மாமா?” என்றாள்.

“எது ரொம்ப பேர் கேப்பாங்களோ, அது.”

“புள்ளைங்க படப் புத்தகம்தான் ரொம்ப பேர் கேப்பாங்க.”

“அதக் குடு.”

அவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளை கிடையாது, ஒரே மகனும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். எதற்கென்று கேட்கவும் முடியாமல், கொடுக்காமல் இருக்கவும் முடியாமல் எடுத்துக் கொடுத்தாள். அவர் இருசக்கர வண்டியில் பலமுறை வந்து வந்து, படப் புத்தகம் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நூலகம் என்பது மெதுவம்மாவின் இரண்டு கால்கள்தான். காய்கறி வண்டிக்காரர் மத்தியானம் வியாபாரம் முடிந்ததும் தள்ளுவண்டியைக் கழுவித் துடைத்து அவளிடம் விடுவார். அவளும் சிலநாள் அவருமாகத் தள்ளிக்கொண்டு, இந்த வீட்டில் இருப்பதை வாங்கி அந்த வீட்டில் கேட்டவருக்குக் கொடுப்பார்கள். எப்போதாவது பக்கத்துக்கு நடுவில் ஒரு கீரைத்தண்டு இருக்கும். அதுவரை ஊர்க்காரர்களை நூலக மேசைக்குப் பின்னாலிருந்து மட்டும் பார்த்தவள், இப்போது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போக வேண்டியிருந்தது. தையல்காரர் நாவல்களைத் துணி வெட்டும் பலகையின் கீழே அடுக்கியிருந்தார். எந்தப் புத்தகத்தை விரித்தாலும் ஒரு நூல்துண்டு விழும். முடிதிருத்தும் கடையில் நிலைமை வேறு. முறை வந்தவர் படிக்கிற புத்தகத்தை விட்டு எழுந்திருக்காமல், “நீங்க உக்காருங்க, இங்க ராஜா இன்னும் கோட்டைக்குள்ளயே போகல” என்று அடுத்தவரை அனுப்பினார். இதையெல்லாம் என் வீட்டு வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டே எங்களிடம் சொல்வாள். அவள் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டது அப்போதுதான்.

ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

படப் புத்தகம் கேட்டுத் தாய்மார்கள் வந்தபோது காய்கறி வண்டிக்காரரைத் தனியே அனுப்பினாள். அவர் வெறும் வண்டியோடு திரும்பி வந்தார்.

“என்னம்மா உங்க அக்கா இப்படி! ‘நூலகத்துலேர்ந்து ஆள் வந்தாதான் தருவேன்’ங்கறாங்க. ‘இப்ப நானும் நூலகந்தாம்மா’ன்னேன். ‘அப்படியா, தக்காளி இருக்கா’ன்னு கேட்டு அரைக் கிலோ வாங்கிட்டு அனுப்பிட்டாங்க.”

அடுத்து நூலகரையே கெஞ்சி அனுப்பினாள். அவரும் வெறுங்கையோடுதான் வந்தார். “உக்கார வச்சு டீ கொடுத்தாங்க. ரொம்ப மரியாதையா பேசினாங்க. ‘உங்களுக்கு எதுக்கு சார் அலைச்சல், உதவியாளர அனுப்புங்க’ன்னாங்க.” என்றார். மெதுவம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். படப் புத்தகம் கேட்ட பிள்ளைகளுக்கு, பெரியவர்கள் புத்தகத்திலிருந்து பறவைப் படம், கப்பல் படம் என்று தேடிக் கொடுத்துச் சமாளித்தாள். மழை போய், பனி போய், வெயிலும் வந்துவிட்டது.

பள்ளி விடுமுறை விட்டதும் குழந்தைகள் வார்டு நர்ஸ் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். மெதுவம்மா அப்போது எங்கள் வீட்டில்தான் பயண நூல்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்த வருஷம் கதை வாரம் கிடையாதா?” என்றார் நர்ஸ்.

“கட்டடமே இல்லயேம்மா.”

“வார்டு இருக்கில்ல? அங்க ஒரு பொண்ணு, கால் எலும்பு முறிஞ்சு, எடை கட்டித் தொங்கவிட்டிருக்கு. அசையக் கூடாது. போன வருஷம் அவ அண்ணன் அங்க இருந்தப்ப நீங்க திமிங்கலக் கதை ஒண்ணு படிச்சீங்களாம். வழி தெரியாம ஆத்துக்குள்ள வந்துடுமே, அந்தக் குட்டித் திமிங்கலம். அண்ணன் பாதிக் கதைய சொல்லிட்டு மீதிய மறந்துட்டானாம். ‘அந்தப் புத்தகத்துக்காரம்மா எப்ப வருவாங்க’ன்னு ஊசி போடறப்பல்லாம் கேக்கறா. நான் என்ன பதில் சொல்றது?”

மெதுவம்மா கையிலிருந்த துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அப்புறம் என் மனைவியிடம், “முகம் கழுவிக்கலாமா அக்கா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். தலையையும் வாரிக்கொண்டு வந்து, வண்டியைக்கூட எடுக்காமல் நடந்தாள்.

அக்கா வீட்டில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அக்காக்காரிக்கு ரகசியம் தங்காது. அவள் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பிறகு அதை அவள் ஊருக்கே சொன்னாள்.

கதவு திறந்தே இருந்திருக்கிறது. மெதுவம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். முன்னறையில் மாமியார் படுத்திருந்த கட்டில். அந்த அம்மாள் காலமாகி இரண்டு மூன்று வருடம் ஆகிறது. கட்டிலில் வெளுத்த விரிப்புப் போட்டு, அதன்மேல் படப் புத்தகங்கள் அத்தனையும் அடுக்கியிருந்தன. பெரியது அடியில், சின்னது மேலே. ஒன்றில்கூடத் தூசி இல்லை. அடுப்படியிலிருந்து அக்காக்காரி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இத படுக்க வச்சு அடுக்கக் கூடாதுக்கா” என்றாள் தங்கை. “அடியில இருக்கறது நசுங்கிடும்.”

“பின்ன எப்படி அடுக்கணும்னு வந்து சொல்றதுக்கு இங்க யாருடி இருந்தா?”

தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மேலேயிருந்த புத்தகங்களை எடுத்து நிறுத்தி வைக்கத் தொடங்கினாள். அவை ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

“அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா. உன் வீட்டுல நடந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகாவது வந்திருக்கணும்.”

“நீ கேட்டது தப்பில்ல. அப்பாவ வச்சுக்கிட்டு தனியா கெடந்தவ, யார்கிட்ட கத்துவ? நான் திரும்பிப் போனேன் பாரு, அதுதான் தப்பு. உள்ள வந்து, உன்ன ஒரு அறை விட்டுட்டு, உன்னயே கட்டிப் பிடிச்சு அழுதிருக்கணும்.”

“இப்ப அறையேன்.”

“சும்மா இரு. முகத்துல சதையே இல்ல, எங்க அறையறது?”

இரண்டு பேரும் அழுதார்கள், இடையிடையே சிரித்தார்கள். கொஞ்சம் ஓய்ந்ததும் தங்கை கேட்டாள், “வீட்டுல சின்னப் புள்ளயே இல்ல. எதுக்குக்கா இதையெல்லாம் வாங்கிட்டு வரச் சொன்ன?”

“எது ரொம்ப பேர் கேப்பாங்களோ அத வாங்கிட்டு வாங்கன்னு உங்க மாமாகிட்ட சொல்லி அனுப்பினேன். ஊரே வந்து கேட்டா நீ வந்துதானே ஆகணும்? ஒரு வாரத்துல வந்துடுவன்னு நெனச்சேன். நீ வண்டிக்காரர அனுப்பற, ஆபீசர அனுப்பற! அடுத்து போலீச அனுப்புவியோன்னு பாத்துட்டிருந்தேன்.”

அன்று மாலையே இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். தங்கை கையில் திமிங்கலம், அக்காக்காரி இடுப்பில் இன்னும் சில படப் புத்தகங்கள் நிரம்பிய துணிக்கூடை. கால் தொங்கவிட்டிருந்த சிறுமியின் தலைமாட்டில் உட்கார்ந்து மெதுவம்மா வாசித்தாள். சிறுமி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அடுத்த கட்டிலுக்குக்கூடக் கேட்கவில்லை. கையில் ஊசிக்குழாய் செருகியிருந்த ஒரு குழந்தை, “எனக்குக் கேக்கல” என்று அழத் தொடங்கியது.

அக்காக்காரிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வார்டின் நடுவில் நின்று, தங்கை சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியையும் உரக்கச் சொன்னாள். திமிங்கலம் அம்மாவைக் கூப்பிடும் இடம் வந்ததும், புடவையைச் செருகிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். பக்கத்து வார்டிலிருந்து நர்சுகள் ஓடி வந்துவிட்டார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால், அத்தனை கட்டிலிலிருந்தும் பிள்ளைகள் அதே சத்தத்தை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கால் தொங்கிய சிறுமி சிரித்த சிரிப்பில் எடை கட்டிய கயிறு ஆடியது. நர்ஸ் போய் அதைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சிரிப்பை நிறுத்தச் சொல்லவில்லை.

அந்த வருடக் கதை வாரம் இப்படித்தான் நடந்தது. காலையில் அக்கா வீட்டு முன்னறையில், மாலையில் வார்டில். ஒருத்தி வாசிக்க, ஒருத்தி நடிக்க. முன்னறையில் இடம் போதாமல் மெக்கானிக் பணிமனையிலிருந்து கழித்துப்போட்ட டயர்களைக் கொண்டுவந்து, கழுவி, வாசலில் போட்டார். பிள்ளைகள் அதில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்துகொண்டார்கள்.

புதுக் கூரை போட்டு முடிய அடுத்த மழைக்காலம் நெருங்கிவிட்டது. நூலகத் துறையும் பணம் தந்தது, ஊரும் சேர்ந்து போட்டது. வீடுகளிலிருந்து புத்தகங்கள் திரும்பின. சிலவற்றில் எண்ணெய்க் கறை, ஒன்றின் மூலையில் குழந்தையின் பல் தடம். சில கடைசிவரை வரவே இல்லை. மெதுவம்மா அதற்காக யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படப் புத்தகங்களை அக்காக்காரி நிறுத்தி அடுக்கிய வாக்கிலேயே கொண்டுவந்தாள்.

வருடக் கடைசியில் வாசகர் விழா. வழக்கமாக அதிகப் புத்தகம் படித்தவருக்கு ஒரு பரிசு உண்டு. இந்தமுறை யாருக்கென்று நூலகர் அறிவித்தபோது கூட்டத்தில் சிரிப்பும் விசிலும் பறந்தன. பரிசு மெக்கானிக்குக்கு. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படப் புத்தகம் ஒன்றையும் விடாமல் அவர் படித்திருக்கிறார். பெண்டாட்டிக்கே சரியாகத் தெரியவில்லை, விளக்கு எரிகிறதே என்று மட்டும் நினைத்தாளாம். திரும்பி வந்த புத்தகங்களோடு, படித்தவற்றை அவர் குறித்துவைத்த தாள் ஒன்று இருந்ததில்தான் விஷயம் வெளியே வந்தது.

மேடைக்கு வந்தவர் ஒலிபெருக்கியைப் பழுதான இயந்திரத்தைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார். “ரெண்டு வார்த்தை பேசுங்க” என்றார் நூலகர்.

“ஒட்டகச்சிவிங்கிக்கு அவ்வளவு நீளக் கழுத்து இருக்கே, அதுலயும் நம்ம கழுத்துல மாதிரி ஏழே எலும்புதானாம்” என்றார் அவர். “எனக்கு இத்தன நாள் இது தெரியாது.” அவ்வளவுதான், இறங்கிவிட்டார். பலத்த கைதட்டல். பெண்கள் பக்கத்தில் மெதுவம்மா தன் அக்காவின் தோளில் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

தங்களோடு வந்து இருந்துவிடும்படி அக்காக்காரி எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். மெதுவம்மா மாட்டேன் என்றுவிட்டாள். அந்தச் சின்ன வீட்டிலேயே இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே போய்ச் சாப்பிடுகிறாள். நூலகத்துக்கு நடந்து வர முடியாதவர்கள் வீட்டுக்கு இப்போதும் தள்ளுவண்டி போகிறது. அது வருடாந்திர வேலைகளில் ஒன்றாகவே சேர்ந்துவிட்டது.

இந்த வருடக் கதை வாரம் நெருங்குகிறது. முதல் கதையாகக் கரடிக் கதையைப் படிப்பதா, குரங்குக் கதையைப் படிப்பதா என்று அக்காவுக்கும் தங்கைக்கும் நேற்று நூலக வாசலில் பெரிய வாக்குவாதம். குரங்கு என்றால் தான் மேசைமேல் ஏற வேண்டியிருக்கும், முட்டி வலிக்கிறது என்கிறாள் அக்காக்காரி. ஏறாமலே குரங்காக இருக்கலாம் என்கிறாள் மெதுவம்மா. இதை எழுதும்வரை முடிவாகவில்லை.